பல் டொக்டருக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் கிழக்கில், கல்முனையில் 5 வருடம், மட்டக்களப்பில் 9 வருடம் தனியார் பல் சிகிச்சை நிலையங்களில் வேலை செய்திருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாமாரும், சில நேரம் டொக்டர்மாரும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதுகிறேன். நாற்காலியின் ஒரு பக்கம் டொக்டர் இருந்தால் மறுபக்கம் நிற்பவர் செய்வதும் ஒரு தொழில்தான். அந்தத் தொழிலுக்கு ஒரு பெயரும் முறையான பயிற்சியும் இல்லாததால்தான் சம்பளம், பாதுகாப்பு, மரியாதை எல்லாவற்றிலும் நாங்கள் பின்னுக்கு நிற்கிறோம் என்பது என் எண்ணம்.

நாங்கள் நேர்ஸா, அசிஸ்டன்ட்டா? நோயாளிகள் ‘மிஸ்’ என்கிறார்கள், டொக்டர் ‘பிள்ளை’ என்கிறார், சம்பளப் புத்தகத்தில் ‘உதவியாள்’ என்று இருக்கிறது.

எனக்கும் முதல் வருடம் முழுக்க இதே குழப்பம்தான். எங்கள் நாட்டில் தாதி என்றால் மூன்று வருடம் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தவர், அல்லது பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டம் முடித்தவர். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அந்தக் கல்லூரிகள் இருக்கின்றன. அவர்கள் கஷ்டப்பட்டு எடுத்த பெயரை நாங்கள் போட்டுக்கொள்வது சரியில்லை. நோயாளி ‘நேர்ஸ்’ என்று கூப்பிட்டால் திருத்திக்கொண்டு நிற்கத் தேவையில்லை. ஆனால் ‘நீங்கள் யார்?’ என்று கேட்டால் ‘பல் சிகிச்சை உதவியாளர்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

மற்ற நாடுகளிலும் இந்தப் பெயர் லேசாகக் கிடைக்கவில்லை. 1885இல் அமெரிக்காவின் நியூ ஒர்லீன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் வைத்தியர் ஒரு பெண்ணை உதவிக்கு வேலைக்கு எடுத்தார். கிளினிக்கில் ஒரு பெண் இருக்கிறார் என்பதால் பெண் நோயாளிகள் துணையில்லாமல் வரத் துணிந்தார்கள் என்பதுதான் அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. அவருடைய கைவேலையைப் பற்றிய பேச்சு பிறகுதான் வந்தது. பிரித்தானியாவில் இந்த வேலை செய்தவர்கள் 1940இலேயே சங்கம் அமைத்துவிட்டார்கள். அப்படியிருந்தும் பல் தாதியர் என்ற பெயரைச் சட்டம் காப்பாற்ற 2008 ஜூலை மாத முடிவு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது அங்கே பொதுப் பல் மருத்துவ சபையில் பதியாதவர் அந்தப் பெயரைப் பாவிக்க முடியாது. பதிந்தவரும் 5 வருடத்துக்குக் குறைந்தது 50 மணித்தியாலம் தொடர்ந்து படித்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும்.

இங்கே டொக்டருக்குப் பதிவு உண்டு. கிளினிக்கும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் சுகாதாரச் சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபையில் பதிய வேண்டும். ஆனால் அந்தக் கிளினிக்கில் கருவிகளைக் கிருமி நீக்கும் எங்களுக்கு ஒரு பதிவேடும் இல்லை. இதைப் பற்றி யாராவது பேசத்தான் வேண்டும்.

பாடசாலைக்கு வந்து பல் பார்த்த மிஸ்ஸும் நாங்களும் ஒன்றா?

இல்லை. அவர்கள் பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள், அரச ஊழியர்கள். பிள்ளைகளுக்குத் தாங்களே பல் அடைப்பார்கள், பாற்பல் கழற்றுவார்கள். இந்த முறை நியூசிலாந்தில் 1921இல் தொடங்கியது. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் அந்த நாட்டின் உதவியோடு மகரகமையில் பயிற்சிப் பள்ளி வந்தது. அந்தக் காலத்தில் அவர்களுக்கும் ‘பாடசாலைப் பல் தாதி’ என்றுதான் பெயர். ‘சிகிச்சையாளர்’ என்பது பிறகு வந்தது. அவர்களுடைய வேலைக்கு ஏற்ற பெயர் அது.

அப்படியென்றால் எங்கள் வேலைதான் என்ன? சக்ஷன் (வாயில் சேரும் எச்சிலையும் தண்ணீரையும் உறிஞ்சும் குழாய்) பிடிப்பதும் கூட்டித் துடைப்பதும்தானே?

என் அம்மாவும் இப்படித்தான் நினைத்திருந்தா. ஒரு கடைவாய்ப்பல் கழற்றுவதை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

நோயாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எங்கள் வேலை தொடங்கிவிடும். சீனி வருத்தம் இருக்கிறதா, பிரஷர் குளிசை எடுக்கிறாரா, இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுகிறாரா, சாப்பிட்டுவிட்டு வந்தாரா என்று கேட்கிறோம். பெரும்போக அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் கையில் காசு வந்ததும் வயலில் இருந்து நேரே வருவார்கள், வெறும் வயிற்றோடு. ஊசியைக் கண்டதும் முகம் வெளிறி நெற்றி வியர்க்கும். டொக்டரின் கண் வாய்க்குள் இருக்கும், முகத்தைப் பார்ப்பது நாங்கள்தான். நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்த வேண்டும் என்று முதலில் சொல்வதும் நாங்கள்தான்.

அப்புறம் பல் இலக்கம். 36 என்றால் கீழ்த்தாடையின் இடப்பக்க முதலாவது பெரிய கடைவாய்ப்பல், 46 என்றால் அதே பல் வலப்பக்கம். டொக்டர் சொல்லச் சொல்ல எழுதுவது நாங்கள். ஒரு இலக்கம் மாறினால் நல்ல பல் போய்விடும். ஒருநாள் இரவு எட்டு மணி, பதினேழாவது நோயாளி. டொக்டர் களைத்துப்போய் இடப்பக்கம் ஊசி போடக் கையை எடுத்தார். ‘டொக்டர், கார்டில் 46’ என்றேன். அவர் நிறுத்தி, எக்ஸ்றேயைத் திரும்பப் பார்த்து, பக்கம் மாறி நின்றார். நோயாளிக்கு நடந்தது தெரியாது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது, இது கூட்டித் துடைக்கும் வேலை இல்லை என்று எனக்கே உறுதியாக விளங்கியது.

கருவி சுத்தம் தனி ஒரு படிப்பு. கொதிநீரில் அவித்தால் போதாது, சில கிருமிகளின் வித்துகள் அதிலும் சாகாது. ஓட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் பெட்டியில், 121 பாகை செல்சியஸில் 15 நிமிடம், அல்லது 134 பாகையில் 3 நிமிடம் இருக்க வேண்டும். சூடாகும் நேரமும் காயும் நேரமும் அதற்கு மேல். அவசரத்தில் யாராவது ‘எடுத்துத் தா பிள்ளை’ என்றாலும் நேரம் முடியாமல் கதவைத் திறக்கக் கூடாது. அந்த இடத்தில் ‘இல்லை’ என்று சொல்லும் தைரியமும் இந்தத் தொழிலுக்குள் அடங்கும்.

டொக்டர் வரப் பிந்தினால் நான் பல் கிளீன் பண்ணலாமா? ஊசி போடலாமா? பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது.

கூடாது. டொக்டரே சொன்னாலும் கூடாது. ஏதாவது நடந்தால் உங்களுக்காகப் பேசச் சட்டத்தில் ஒரு வரி இல்லை.

கையில் ஊசி குத்திவிட்டால் என்ன செய்வது?

இதை நிதானமாக வாசியுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்து ஏழாவது மாதம். பாவித்த ஊசிக்கு இரண்டு கையாலும் மூடி போட்டேன். இடது பெருவிரலில் ஏறிவிட்டது. அந்த இடத்தில் இருந்தவர்கள் ‘டெட்டோல் போட்டுக் கழுவு, ஒன்றும் ஆகாது’ என்றார்கள். நான் கழுவிவிட்டு அடுத்த நோயாளிக்கு நின்றேன். எனக்கு ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கான தடுப்பூசி போட்டிருக்கவில்லை. போட வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்கவும் இல்லை. பிறகு மூன்று மாதம் நான் நிம்மதியாக நித்திரை கொள்ளவில்லை. கடைசியில் இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது.

குத்தினால் உடனே கையுறையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நசுக்கவோ வாயில் வைத்து உறிஞ்சவோ வேண்டாம். டொக்டரிடம் சொல்லி, நேரத்தையும் எந்த நோயாளி என்பதையும் எழுதி வையுங்கள். நோயாளியை அனுப்பிவிடாமல், அவர் சம்மதித்தால் இரத்தம் பரிசோதிக்கக் கேளுங்கள். அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று அங்கே முடிவு செய்தால் அதை முதல் சில மணித்தியாலங்களுக்குள் தொடங்குவது நல்லது. 72 மணித்தியாலம் தாண்டினால் பயன் இல்லை. தொடங்கினால் 28 நாள் எடுக்க வேண்டும்.

எச்.ஐ.வி.யைத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். ஆனால் ஊசி குத்தில் அது தொற்றும் வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்று அளவுதான். ஹெபடைடிஸ் பி அப்படியில்லை. தடுப்பூசி போடாதவருக்கு, நோயாளியின் நிலையைப் பொறுத்து, நூறில் முப்பது வரைக்கும் போகலாம். அதைத் தடுக்க ஊசி இருக்கிறது: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம் என்று மூன்று முறை. முடிந்து ஒன்று, இரண்டு மாதத்தில் இரத்தத்தில் எதிர்ப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள், பரிசோதனை அறிக்கையில் அந்த அளவு 10க்குக் குறையக் கூடாது. வேலை கேட்கப் போகும்போதே ‘தடுப்பூசிச் செலவு யாருடையது?’ என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டிய கேள்வி இல்லை. மூடியை மேசையில் வைத்து ஒரு கையாலேயே ஊசியால் கோரி எடுக்கும் முறையை முதல் நாளே பழகுங்கள்.

சம்பளம் எவ்வளவு கேட்கலாம்? ஈ.பி.எஃப். எல்லாம் எங்களுக்கும் உண்டா?

உண்டு. கிளினிக்கில் நீங்கள் ஒருவர் மட்டும் வேலை செய்தாலும் உண்டு. ‘சின்ன இடம், எங்களுக்கு அதெல்லாம் இல்லை’ என்று சொன்னால் அது பிழை. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 கழிப்பார்கள், முதலாளி 12 போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 போட வேண்டும், அதை உங்களிடம் கழிக்க முடியாது. 30,000 ரூபா சம்பளம் என்றால் உங்களிடம் 2,400 கழியும். முதலாளி 3,600 சேமலாப நிதிக்கும் 900 நம்பிக்கை நிதியத்துக்கும் கட்ட வேண்டும். பத்து வருடம் வேலை செய்து இது இல்லாமல் விட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கல்யாணம், பிள்ளைப்பேறு, பிறகு வெறும் கை.

தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் இருந்து 27,000 ரூபா, 2026 ஜனவரியில் இருந்து 30,000 ரூபா. முழுநேர வேலைக்கு அதற்குக் குறைத்துத் தர முடியாது. பிரசவ விடுமுறை 84 வேலை நாள், எத்தனையாவது பிள்ளை என்றாலும். நியமனக் கடிதமும் மாதாமாதம் சம்பளச் சிட்டையும் கேட்டு வாங்குங்கள். பேசித் தீராவிட்டால் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் முறையிடலாம். முதலில் டொக்டரோடு இருந்து பேசிப் பாருங்கள். பல பேர் வேண்டுமென்று செய்வதில்லை, அவர்களுக்கும் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

டொக்டருக்குச் சிங்களம், நோயாளிக்குத் தமிழ். மொழிபெயர்ப்பதும் என் வேலையா?

எழுதி வைத்த வேலை இல்லை, ஆனால் எங்கள் பகுதியில் எங்கள் கைக்குத்தான் வருகிறது. நாட்டில் பல் மருத்துவப் படிப்பு என்றாலே நீண்ட காலமாகப் பேராதனைதான். அங்கே படித்துவிட்டுத் தெற்கில் இருந்து இங்கே நியமனம் பெற்று வரும் நல்ல டொக்டர்மார் பலருக்குத் தமிழ் கொஞ்சம்தான். டொக்டர் இரண்டு நிமிடம் சொன்னதை நாங்கள் ‘கழட்டத்தான் வேணுமாம்’ என்று ஒரு வரியில் முடித்துவிடக் கூடாது. வேர்ச் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றலாம், இத்தனை முறை வர வேண்டும், இவ்வளவு செலவாகும், கழற்றினால் பக்கத்துப் பல் சரியும் என்று எல்லாவற்றையும் சொன்னால்தான் அவர் தருவது சம்மதம்.

சொல்லும் முறையும் முக்கியம். வாகரையில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு அம்மா, ‘மனே, எனக்கு விளங்கல்ல, நீ சொல்லுகா’ என்று என் கையைப் பிடித்தா. டொக்டரிடம் இன்னொரு முறை கேட்டு, கண்ணாடியில் பல்லைக் காட்டி, விரலால் தொட்டுச் சொன்னேன். பல்லைக் கழற்றாமல் வைத்துக்கொள்வதாக அவவே முடிவெடுத்தா. ஐந்து நிமிடம் கூடுதலாகப் போனது, வெளியில் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்குக் கவலையில்லை.

காத்தான்குடியில் இருந்து வருகிறேன். முக்காட்டோடு வேலை செய்யலாமா?

தாராளமாக. தொங்காத, கழுத்துக்குள் செருகக்கூடிய துணி, தினமும் தோய்த்தது. சிகிச்சை நேரத்தில் நீளக் கைக்கு மேல் பாவித்து எறியும் ஏப்ரன் போடுங்கள், கையுறை அதன் விளிம்புக்கு மேல் வரட்டும். வளையல், மோதிரம் வேண்டாம். இது எல்லோருக்கும் ஒன்றுதான், எனக்கும். நோன்பு மாதத்தில் உங்களைப் போன்றவர்கள் இருப்பது நோயாளிகளுக்கே பெரிய ஆறுதல். தண்ணீர் தொண்டைக்குள் போய்விடும் என்று பயப்படுபவருக்கு, சக்ஷனை எங்கே பிடிக்க வேண்டும் என்று அந்தப் பயம் தெரிந்தவருக்கு நன்றாகத் தெரியும்.

வெற்றிலை போடுபவர்களின் வாயில் வெள்ளைத் தழும்பு மாதிரி ஏதாவது கண்டால் சொல்லலாமா?

டொக்டரிடம் சொல்லுங்கள், கட்டாயம். இலங்கை ஆண்களிடம் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். எங்கள் ஊரில் கோயில் சடங்கு, கல்யாணம், மரண வீடு எதுவானாலும் வெற்றிலைத் தட்டு முன்னால் வரும். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள். வாய் திறக்கச் சிரமப்படுகிறாரா, காரம் பட்டால் எரிகிறது என்கிறாரா, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண் இருக்கிறதா என்பதை நோயாளி டொக்டரை விட எங்களிடம்தான் சாதாரணமாகச் சொல்வார். கார்டில் எழுதுங்கள். ஆனால் ‘இது கேன்சர்’ என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டாம்.

வீட்டில் விருப்பமில்லை. இரவு வேலை, மற்றவர்களின் எச்சில், இரத்தம் என்கிறார்கள்.

தனியார் கிளினிக்குகள் பெரும்பாலும் மாலையில்தான் திறக்கும், டொக்டர் அரச வைத்தியசாலைக் கடமை முடிந்து வர வேண்டும் என்பதால். முடிய ஒன்பது மணி ஆகும். களுவாஞ்சிக்குடிக்கோ ஏறாவூருக்கோ அந்த நேரம் பஸ் கிடைப்பது கஷ்டம். கடைசி நோயாளியை எத்தனை மணிக்கு எடுப்பது, பிந்தினால் வீட்டுக்கு யார் கொண்டுவந்து விடுவது என்பதை வேலைக்குச் சேரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். முடிந்தால் அம்மாவையும் ஒரு நாள் கிளினிக்குக்குக் கூட்டி வாருங்கள். என் அம்மா ஒரு மாலை வந்து மூலையில் இருந்து பார்த்தா. அதற்குப் பிறகு ‘எச்சில் வேலை’ என்ற பேச்சு எங்கள் வீட்டில் வரவில்லை.

பயிற்சி எங்கே எடுக்கலாம்? விளம்பரங்கள் நிறைய வருகின்றன.

காசு கட்டும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிறுவனம் பதிந்திருக்கிறதா? சான்றிதழ் தேசிய தொழிற்றகைமையில் எத்தனையாவது மட்டம்? இரண்டுக்கும் எழுத்தில் பதில் இல்லாவிட்டால் வெளியே வந்துவிடுங்கள். வகுப்பறையில் மட்டும் படித்து நாற்காலிப் பக்கம் நிற்காத பயிற்சியாலும் அதிகப் பிரயோசனம் இல்லை.

வெளிநாடு போகலாமா?

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு டொக்டர்மாரே போகிறார்கள், உங்களைப் போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்த வருடம் பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. கம்பிரசரும் ஓட்டோகிளேவும் ஓடாது, கையுறைக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு, எங்களுக்குப் பாதிச் சம்பளம். அதைப் பார்த்தவர்களுக்குப் போக ஆசை வருவது இயல்பு. ஆனால் நாட்டுக்கு நாடு விதி வேறு. பல இடங்களில் உதவியாளருக்கும் உரிமம் வேண்டும், அதற்குச் சான்றிதழும் அனுபவக் கடிதமும் கேட்பார்கள். ‘பல் கிளினிக் வேலை’ என்று கூட்டிப் போய் வீட்டு வேலைக்கு விட்ட கதையும் உண்டு. முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அடித்துக் கேளுங்கள்.

(ஒரு டொக்டரின் கேள்வி) பழக்கி எடுக்க ஆறு மாதம் போகிறது. பழகியதும் விட்டுப் போய்விடுகிறார்கள். என்ன செய்வது?

டொக்டர், மரியாதையோடு சொல்கிறேன். போனவர்கள் எங்கே போனார்கள் என்று பாருங்கள். என்னோடு வேலை செய்த நான்கு பேரில் ஒருவர் புடவைக் கடைக்குப் போனா, ஒருவர் தொலைபேசிக் கடைக்கு. அங்கே சம்பளம் அதிகமில்லை. ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகலாம், ஊசிப் பயம் இல்லை. பல் இலக்கம் தெரிந்த, ஓட்டோகிளேவ் தெரிந்த, நோயாளியின் முகம் பார்க்கத் தெரிந்த ஒருவர் துணி மடிக்கப் போவது உங்களுக்கும் நட்டம், ஊருக்கும் நட்டம். தடுப்பூசிக்கும் சேமலாப நிதிக்கும் வழி செய்யுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, சிறிதானாலும், சம்பளத்தைக் கூட்டுங்கள். நோயாளிக்கு முன்னால் ஏச வேண்டாம், பிழை இருந்தால் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லுங்கள். என்னை ஒன்பது வருடமாக ஒரே இடத்தில் வைத்திருப்பது இவைதான்.

சாதாரண தரம் மட்டும்தான் படித்தேன். வரலாமா?

வரலாம். எழுத வாசிக்க, இலக்கம் பிழைக்காமல் எழுத, கொஞ்சம் சிங்களம் அல்லது ஆங்கிலம் கேட்டு விளங்கத் தெரிந்தால் போதும், மற்றதைப் பழகலாம். ஒரு கிழமை வந்து பக்கத்தில் நின்று பாருங்கள். விரலை மூடும் சப்பாத்து போட்டு வாருங்கள், நகத்தை வெட்டிவிடுங்கள், ஒரு சின்னக் கொப்பி கொண்டு வாருங்கள். தடுப்பூசியின் முதல் ஊசியை அதே கிழமை போட்டுவிடுவோம்.